வீடியோ ஃபோல்டரில் கூடவே கிடக்கும் பேர் தெரியாத ஃபைல்கள்: அழிக்கலாமா?

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வளைகுடாவில் வேலை பார்க்கும் அவருடைய சித்தப்பா லீவுக்கு வந்தபோது பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கையில் கொடுத்திருக்கிறார். அக்கா கல்யாணம், பாட்டி இருந்த காலத்து வீடியோ, ஊர்த் திருவிழா எல்லாம் அதில்தான். டிஸ்க் நிரம்பிவிட்டது. "அண்ணே, படம் ஓடுற ஃபைல் கொஞ்சந்தான். மத்ததெல்லாம் சிபிஐ, எம்பிஎல், பிடிஎம், எம்ஓஐ, டிஎச்எம், பியூபின்னு என்னென்னவோ கெடக்கு. கிளிக் பண்ணினா ஒண்ணும் திறக்கல. வைரஸா? அழிச்சிரலாமா?" இதுதான் கேள்வி.

தம்பி, இப்போதைக்கு ஒன்றையும் அழிக்காதீர்கள். நீங்கள் சொன்ன பட்டியலில் வைரஸ் எதுவும் இல்லை. எல்லாமே கேமராவும் டிவிடி எழுதும் மெஷினும் தானாக உண்டாக்கிய துணை ஃபைல்கள். இன்னொன்று, இவற்றை அழித்தால் இடம் மிச்சமாகும் என்ற எண்ணமே சரியில்லை. ஒரு சிபிஐ ஃபைல் சில கேபிதான் இருக்கும். நூறு ஃபைலை அழித்தாலும் ஒரு செல்போன் போட்டோவுக்கான இடம் கிடைத்தால் பெரிது. இடத்தை அடைப்பது வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மார்த்தாண்டத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் வேலை செய்கிறேன். பழைய கேசட், சிடி, மெமரி கார்டு எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்கு மாற்றிக் கொடுப்பதும் உண்டு. என்னிடம் வருகிறவர்களில் பலர் செய்திருக்கும் ஒரே தவறு, "வேஸ்ட் ஃபைல்" என்று நினைத்து இந்தச் சின்ன ஃபைல்களைத் துடைத்துவிட்டுப் பெரியதை மட்டும் கொண்டுவருவது. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஃபைலின் முழுப் பேரும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். விண்டோஸ் வழக்கமாக வாலை மறைத்துவிடும். ஃபோல்டரைத் திறந்து, மேலே 'வியூ' மெனுவுக்குப் போய், 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். இனி புள்ளிக்குப் பின்னால் வரும் மூன்று, நான்கு எழுத்தும் தெரியும். அப்புறம் அந்த வாலை மட்டும் பார்த்துக் குழம்பாமல் மூன்று விஷயத்தைச் சேர்த்துப் பாருங்கள்: புள்ளிக்கு முன்னால் உள்ள பேர், ஃபைலின் அளவு, அது எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது. ஒரே பேரில் பெரிய ஃபைல் ஒன்றும் சின்ன ஃபைல் ஒன்றும் இருந்தால் அவை ஒரு குடும்பம். பெரியதில் படமும் சத்தமும் இருக்கும். சின்னதில் அந்தப் படத்தைப் பற்றிய விவரம் இருக்கும்: எப்போது எடுத்தது, எவ்வளவு நீளம், எதற்குப் பின் எது வரும் என்பது போல.

உங்கள் அக்கா கல்யாண ஃபோல்டரிலிருந்து தொடங்குவோம். 'பிரைவேட்' என்ற ஃபோல்டருக்குள் 'ஏவிசிஎச்டி', அதற்குள் 'பிடிஎம்வி', அதற்குள் 'ஸ்ட்ரீம்', 'கிளிப்இன்ஃப்', 'பிளேலிஸ்ட்' என்று இருப்பதாகச் சொல்கிறீர்கள். இது ஏவிசிஎச்டி என்ற முறை. சோனியும் பானாசோனிக்கும் சேர்ந்து 2006-இல் அறிவித்தது. அதற்குப் பிறகு ரொம்ப வருஷம் நம் ஊர்க் கல்யாண வீடியோக்களில் நிறைய இந்தக் கணக்கில்தான் எடுக்கப்பட்டன. ஸ்ட்ரீம் ஃபோல்டரில் 00000 எம்டிஎஸ், 00001 எம்டிஎஸ் என்று வரிசையாக இருப்பவைதான் படம். கிளிப்இன்ஃப் ஃபோல்டரில் அதே எண்ணோடு இருக்கும் சிபிஐ, அந்தந்தத் துண்டின் விவரக் குறிப்பு. பிளேலிஸ்ட்டில் இருக்கும் எம்பிஎல், எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்ற வரிசை. இண்டெக்ஸ் பிடிஎம், மூவிஆப்ஜெ பிடிஎம் இரண்டும் கார்டு முழுவதற்குமான பொருளடக்கம் மாதிரி.

படம் எம்டிஎஸ்ஸில்தானே இருக்கிறது, மற்றது எதற்கு என்று கேட்பீர்கள். இதைக் கவனமாகப் படியுங்கள். இந்தக் கேமராக்களின் மெமரி கார்டு பெரும்பாலும் ஃபேட்32 என்ற முறையில் இருக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பல கேமராக்கள் 2 ஜிபியிலேயே வெட்டிவிடும். ஆகவே வீடியோக்காரர் ஒரே மூச்சில் அரை மணி நேரம் எடுத்தாலும், கார்டில் அது இரண்டு மூன்று எம்டிஎஸ்ஸாகத்தான் விழும். நல்ல தரத்தில் எடுத்தால் 12, 13 நிமிடத்துக்கு ஒரு வெட்டு. எந்த இடத்தில் வெட்டு விழும் என்பது கேமராவுக்கும் தெரியாது, மேடையில் நடப்பதும் அதற்குத் தெரியாது.

தக்கலைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று கொண்டுவந்த டிஸ்க்கில் அந்த வெட்டு சரியாகத் தாலி கட்டும் இடத்தில் விழுந்திருந்தது. 00003-இல் மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்குகிறார், நாதஸ்வரம் கெட்டிமேளத்துக்கு ஏறுகிறது. 00004-இல் முதல் முடிச்சு விழுகிறது. வீட்டில் இருந்த பையன் எம்டிஎஸ்ஸை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை அழித்திருந்தான். இரண்டு துண்டையும் எடிட்டிங் சாஃப்ட்வேரில் தனித்தனியாக இழுத்துப் போட்டால், சேருகிற இடத்தில் சத்தம் ஒரு கணம் அறுந்து, படமும் ஒரு துள்ளு துள்ளியது. கெட்டிமேளத்தில் அந்த அறுப்பு எப்படிக் கேட்கும் என்று நினைத்துப் பாருங்கள். பொண்ணோட அப்பா இப்போது இல்லை. அந்தத் துண்டில் அவர் பக்கத்திலேயே நிற்கிறார். அதனால் அவர்களுக்கு அந்த இடம் அவ்வளவு முக்கியம்.

பழுது பார்க்க முடிந்தது. இரண்டு எம்டிஎஸ்ஸும் உண்மையில் ஒரே ஓட்டம்தான், வெட்டிய இடத்தில் எதுவும் தொலைவதில்லை. அதனால் கமாண்ட் பிராம்ப்ட்டில் காப்பி கட்டளையை பைனரி முறையில் கொடுத்து, ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டி ஒரே ஃபைலாக்கினேன். துள்ளல் போய்விட்டது. ஆனால் சிபிஐயும் எம்பிஎல்லும் அதனதன் இடத்தில் இருந்திருந்தால் இந்த வேலையே வேண்டாம். ஃபோல்டரை அப்படியே கொடுத்தால், நல்ல எடிட்டிங் சாஃப்ட்வேர் தானே படித்து, "இது நான்கு துண்டு, ஆனால் ஒரே காட்சி" என்று புரிந்துகொண்டு சேர்த்துவிடும். எந்தத் துண்டு எதன் தொடர்ச்சி என்று நான் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்தக் கல்யாணத்தில் மொத்தம் 41 துண்டு.

ஆகவே ஏவிசிஎச்டி ஃபோல்டரை அப்படியே முழுதாக வையுங்கள். உள்ளிருந்து ஒன்றைக்கூடப் பிரிக்க வேண்டாம், பேரும் மாற்ற வேண்டாம். பேர் வைக்க ஆசையாக இருந்தால் வெளியே ஒரு ஃபோல்டர் போட்டு அதற்கு 'அக்கா கல்யாணம்' என்று பேர் கொடுத்து, 'பிரைவேட்' ஃபோல்டரை அதற்குள் வையுங்கள்.

அடுத்தது எம்ஓடி, எம்ஓஐ. இது இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க் கேமராக்களின் வேலை. ஜேவிசியின் எவரியோ வரிசையில் அதிகம் பார்ப்போம். எம்ஓடி என்பது படம். உள்ளே இருப்பது டிவிடியில் இருக்கிற அதே எம்பெக்-2 தான், அதனால் விஎல்சி என்ற இலவச பிளேயரில் அப்படியே ஓடும். எம்ஓஐ என்பது அதன் குறிப்பு. எடுத்த தேதி, நேரம், நீளம், படம் அகலத்திரையா சதுரத்திரையா என்பது அதில் இருக்கும். எம்ஓடியின் வாலை எம்பிஜி என்று மாற்றி மட்டும் வைத்துக்கொண்டால் சில நேரம் எல்லாரும் ஒடிசலாக, உயரமாகத் தெரிவார்கள். அகலத்திரை என்ற செய்தி எம்ஓஐயோடு போய்விட்டதுதான் காரணம். பிளேயரில் 16:9 என்று மாற்றினால் சரியாகும்.

தேதி விஷயம் இன்னும் முக்கியம். ஒரு வீட்டில் பால்காய்ப்பு வீடியோ இருந்தது, எந்த வருஷம் என்று இரண்டு அண்ணன் தம்பிக்குள் தகராறு. ஒருவர் 2008 என்றார், மற்றவர் 2010 என்றார். ஃபைலின் தேதியைப் பார்த்தால் பென் டிரைவுக்கு மாற்றிய தேதிதான் தெரிந்தது. எம்ஓஐயை ஹெக்ஸ் எடிட்டர் என்ற சாஃப்ட்வேரில் திறந்தேன். முதல் ஆறு பைட்டை விட்டுவிட்டு அடுத்த ஆறைப் பார்த்தேன்: 07 டி9 01 19 0ஏ 2ஏ. இது பதினாறின் கணக்கு. 07 டி9 என்றால் 2009. 01 ஜனவரி. 19 என்பது நம் கணக்கில் 25. அடுத்த இரண்டும் 10 மணி 42 நிமிடம். 2009 ஜனவரி 25, தை மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. தேதியைச் சொன்னதும் மூத்தவர், "ஆமா, ஞாயிற்றுக்கிழமைதான், அம்மைக்கு அன்னைக்குக் காய்ச்சல்" என்றார். கேமராவில் தேதி சரியாக வைத்திருந்தால்தான் இது பலிக்கும், ஆனால் பல நேரம் பலிக்கிறது. இவ்வளவும் ஒரு கேபி கூட இல்லாத ஒரு ஃபைலுக்குள் இருந்தது.

டிவிடி ஃபோல்டர் எளிது. 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டரில் விஓபி, ஐஎஃப்ஓ, பியூபி மூன்றும் இருக்கும். விஓபி படம், ஒவ்வொன்றும் 1 ஜிபிக்குள். ஐஎஃப்ஓ என்பது மெனு, அத்தியாயம், எந்த விஓபி எங்கே தொடங்குகிறது என்ற வழிகாட்டி. பியூபி என்பது ஐஎஃப்ஓவின் நகல், வேறொன்றுமில்லை. டிஸ்க்கில் ஓரிடத்தில் கீறல் விழுந்தால் மற்ற இடத்திலிருந்து படிக்கட்டும் என்று தள்ளி எழுதி வைப்பார்கள். கூடவே 'ஆடியோ டிஎஸ்' என்று ஒரு காலி ஃபோல்டர் இருக்கும். காலியாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அது எப்போதும் அப்படித்தான். டிவிடிக்கும் முந்திய விசிடி என்றால் 'எம்பெக் ஏவி' ஃபோல்டரில் ஏவிசெக்01 டிஏடி என்று இருக்கும். அதுவும் படம்தான், விஎல்சியில் ஓடும். ஆனால் டிஏடி என்ற வாலை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். நூறு சாஃப்ட்வேர் தன் சொந்தத் தகவலுக்கு அதே வாலைப் பயன்படுத்துகிறது. ஃபோல்டரையும் பார்க்கச் சொன்னதற்கு இதுதான் காரணம்.

டிஎச்எம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது சின்ன முன்னோட்டப் படம், உண்மையில் ஜேபெக் போட்டோதான். ஒரு நகல் எடுத்து வாலை ஜேபிஜி என்று மாற்றினால் திறக்கும். பழைய கேனான் கேமராக்களிலும் கோப்ரோவிலும் வரும். கோப்ரோ என்றால் எல்ஆர்வி என்று இன்னொன்றும் இருக்கும். அது அதே காட்சியின் குறைந்த தரப் பிரதி, செல்போனில் சட்டென்று பார்ப்பதற்காகக் கேமரா செய்துகொள்வது. வாலை எம்பி4 என்று மாற்றினால் ஓடும். இந்த இரண்டையும், முழுத்தர எம்பி4 பத்திரமாக இருந்து சரியாக ஓடுகிறது என்று பார்த்த பிறகு, தாராளமாக அழிக்கலாம். எல்ஆர்வி மட்டும்தான் இந்தக் கூட்டத்தில் ஓரளவு இடம் பிடிப்பது. சோனியின் புதிய கேமராக்களில் சி0001 எம்பி4 என்ற படத்தோடு சி0001எம்01 எக்ஸ்எம்எல் என்று வரும். நோட்பேடில் திறந்தால் எடுத்த நேரம், கேமரா மாடல் எல்லாம் படிக்கலாம். அதை வைத்திருங்கள். ஐபோனிலிருந்து வந்த ஃபோல்டரில் ஏஏஇ இருந்தால், அது போனில் நீங்கள் செய்த திருத்தங்களின் குறிப்பு. அழித்தாலும் அசல் போகாது.

டிரோன் வீடியோவோடு வரும் எஸ்ஆர்டியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எஸ்ஆர்டி என்றால் எல்லாருக்கும் சப்டைட்டில்தான் நினைவுக்கு வரும். அது சரிதான். ஆனால் டிஜேஐ டிரோனில் அதே வாலோடு பறந்த விவரத்தை எழுதி வைக்கும். முட்டம் கடற்கரையில் எடுத்த ஒரு வீடியோவின் எஸ்ஆர்டியை நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு நொடிக்கும் நேரம், உயரம், ஷட்டர் வேகம், கூடவே அட்சரேகை தீர்க்கரேகை. நம் மாவட்டம் என்றால் 8 என்றும் 77 என்றும் தொடங்கும் இரண்டு எண்கள். அதை மேப்பில் போட்டால் டிரோன் நின்ற இடத்தைக் காட்டிவிடும். உங்கள் வீட்டு மாடியிலிருந்து பறக்கவிட்டிருந்தால் வீட்டையே காட்டும். உங்களுக்கு அது பொக்கிஷம், வைத்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாதவருக்கு வீடியோ அனுப்பும்போது இந்த எஸ்ஆர்டியைச் சேர்த்து அனுப்பாதீர்கள். வீடியோவுக்குள்ளேயே இடத்தைப் பதியும் போன்களும் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

நிஜமான சப்டைட்டில் எஸ்ஆர்டி என்றால், வீடியோவின் பேரும் அதன் பேரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் பிளேயர் தானே எடுத்துக்கொள்ளும். தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக, கேள்விக்குறியாகத் தெரிந்தால் நோட்பேடில் திறந்து பாருங்கள். அங்கே தமிழ் ஒழுங்காகத் தெரிந்தால், 'சேவ் ஆஸ்' கொடுத்து என்கோடிங்கில் யுடிஎஃப்-8 தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள், சரியாகிவிடும். அங்கேயும் குழப்பமாக இருந்தால் யூனிகோடுக்கு முந்திய காலத்து எழுத்துருவில் எழுதியிருப்பார்கள், அதற்கு மாற்றி ஒன்று வேண்டும். எஸ்யூபி, ஐடிஎக்ஸ் இரண்டும் ஜோடியாக வந்தால் பிரிக்காதீர்கள். ஒன்றில் எழுத்தின் படம் இருக்கும், மற்றதில் அது எப்போது வர வேண்டும் என்ற நேரம் இருக்கும்.

மேக் கம்ப்யூட்டரில் செருகி எடுத்த டிஸ்க்கில் புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் ஃபைல்கள் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒன்று இருக்கும், பெரும்பாலும் 4 கேபி. வீடியோ என்று நினைத்துத் திறந்தால் ஓடாது. பலர் "வீடியோ கெட்டுப்போச்சு" என்று பதறி வருவது இதைப் பார்த்துத்தான். உண்மையான வீடியோ பக்கத்திலேயே இருக்கும். இவற்றையும், டிஎஸ் ஸ்டோர், தம்ப்ஸ் டிபி என்பவற்றையும் அழிக்கலாம். பிரீமியர் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் வேலை செய்த டிஸ்க்கில் பிஇகே, சிஎஃப்ஏ என்று இருந்தால் அவை சாஃப்ட்வேர் தன் வசதிக்குச் செய்துகொண்டவை, போனால் மறுபடி உண்டாக்கிக்கொள்ளும். சிஎஃப்ஏ சில நேரம் நிறைய இடம் பிடித்திருக்கும். ஆனால் பிஆர்புரோஜ், எடியஸின் இஇசட்பி இரண்டும் எடிட்டிங் புராஜெக்ட். அதில் கை வைக்காதீர்கள், பின்னால் ஆல்பம் வீடியோவில் ஒரு திருத்தம் வேண்டுமென்றால் அது இல்லாமல் முடியாது.

இனி உண்மையாகவே பயப்பட வேண்டியவை. 'கல்யாணம்.எம்பி4.இஎக்ஸ்இ' என்று இரட்டை வால் இருந்தால் அது படம் அல்ல, புரோகிராம். விண்டோஸ் கடைசி வாலை மறைத்துவிடுவதால் எம்பி4 மாதிரியே தெரியும். வாலைத் தெரியவைக்கச் சொன்னதற்கு இரண்டாவது காரணம் இது. எஸ்சிஆர், விபிஎஸ், பிஏடி ஆகியவையும் அப்படியே, வீடியோ ஃபோல்டரில் அவற்றுக்கு வேலை இல்லை. பென் டிரைவில் ஃபோல்டர் எல்லாம் திடீரென்று ஷார்ட்கட் அம்புக்குறியோடு 1, 2 கேபியாகத் தெரிந்தால் அது எல்என்கே, பிரிண்ட் எடுக்கும் கடைகளிலிருந்து வீடுவரை சுற்றிவரும் பழைய வைரஸ். அதை டபுள் கிளிக் செய்யாதீர்கள், பதறி ஃபார்மட்டும் போடாதீர்கள். உங்கள் ஃபோல்டர்கள் பெரும்பாலும் உள்ளேயே மறைக்கப்பட்டு இருக்கும். மறைந்த ஃபைல்களையும் சிஸ்டம் ஃபைல்களையும் காட்டச் சொன்னால் தெரியும். முதலில் ஆன்டிவைரஸ் ஓட்டிவிட்டு, பிறகு உங்கள் ஃபோல்டர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா ஃபைலின் கடைசியிலும் ஒரே அர்த்தமில்லாத வால் ஒட்டியிருந்து, ஃபோல்டருக்கு ஃபோல்டர் பணம் கேட்கும் குறிப்பும் இருந்தால், அது பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர். கம்ப்யூட்டரை நெட்டிலிருந்து பிரித்து நிறுத்துங்கள், ஃபைல்களை அழிக்காதீர்கள். யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் சில பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' என்ற தளத்தில் சில வகைகளுக்குச் சாவி இலவசமாகக் கிடைக்கிறது.

நான் சொல்லாத வால் ஏதாவது இருந்தால், மீடியாஇன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் போட்டுப் பாருங்கள். வால் என்ன சொன்னாலும், உள்ளே வீடியோ இருந்தால் என்ன வகை, எவ்வளவு நீளம் என்று சொல்லிவிடும். அதுவும் இல்லையென்றால் சின்ன ஃபைலை நோட்பேடில் திறந்து முதல் சில எழுத்தைப் பாருங்கள். குப்பையாகத்தான் தெரியும், ஆனால் தொடக்கத்தில் 'எஃப்டிஒய்பி' என்ற நான்கு ஆங்கில எழுத்து இருந்தால் எம்பி4 குடும்பம், 'ஆர்ஐஎஃப்எஃப்' என்றால் ஏவிஐயாக இருக்கலாம், 'பிகே' என்றால் ஜிப், 'எம்இசட்' என்றால் புரோகிராம், அதை விட்டு விலகுங்கள். வாலை மாற்றினால் ஃபைல் மாறிவிடாது என்பதையும் மறக்காதீர்கள். கடை சிசிடிவியிலிருந்து எடுத்த டிஏவி ஃபைலை எம்பி4 என்று பேர் மாற்றிவிட்டு ஓடவில்லை என்று வருகிறவர்கள் உண்டு. அதற்கு அந்தக் கேமரா கம்பெனியின் பிளேயரிலோ கன்வெர்ட்டரிலோதான் மாற்ற வேண்டும்.

சரி, உங்கள் டிஸ்க்கின் இடப் பிரச்சினைக்கு வருவோம். அளவு வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒரே கல்யாணம் எம்டிஎஸ்ஸாக ஒரு முறையும், டிவிடியாக ஒரு முறையும், யாரோ கன்வெர்ட் செய்த எம்பி4 ஆக ஒரு முறையும் இருக்கும். என்னிடம் வரும் டிஸ்க்குகளில் முக்கால்வாசி இடத்தை அடைப்பது இந்த மூன்று நகல்தான். எம்டிஎஸ்தான் கேமரா எடுத்த அசல், அதை வைத்துக்கொள்ளுங்கள். டிவிடி எடிட் செய்து கொடுத்தது, பாட்டும் பேரும் சேர்த்தது, அதையும் விடாதீர்கள். கன்வெர்ட் செய்த எம்பி4 போனால் மறுபடி செய்துகொள்ளலாம். ஆனால் எதைத் தொடுவதற்கு முன்னாலும் இன்னொரு டிஸ்க் வாங்கி இதை அப்படியே முழுதாக நகல் எடுத்து, நகலில் பாட்டியின் வீடியோவை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். நடுவில் எங்காவது நின்றால் எந்த ஃபைல், எத்தனையாவது நிமிடம் என்று குறித்து எழுதுங்கள், அதற்கு வழி சொல்கிறேன்.